தம்பியின் ரிங்டோன்

தற்கொலை செய்துகொண்ட அன்று தம்பி எனக்கு மூன்று முறை போன் செய்தான். அக்கா நான், அவனோடு போட்ட சண்டையின் கோபத்தில் எடுக்கவில்லை.

அதை நினைக்கவே கூடாதென்று, அவனுக்கு வைத்திருந்த நாதஸ்வர ரிங்டோனை அழித்தேன். வேறு யார் போனிலாவது கேட்டுவிடுமோ என்று பயந்து, ஆட்கள் நெருக்கி உட்காரும் ஷேர் டெம்போவில் ஏறாமல் நெல்லித்தோப்பிலிருந்து வேலைக்கு நடந்தே போனேன். ஒரு வருடம்.

ஒருநாள் அடைமழை. வேறு வழியின்றி டெம்போவில் ஏறினேன். எதிரே இருந்த பெண்ணின் பையில் அதே நாதஸ்வரம். எடுத்துப் பார்த்தவர், "அப்புறம் பேசிக்கலாம்" என்று முணுமுணுத்துப் பைக்குள்ளேயே போட்டார்.

"எடுங்கம்மா! எடுத்துப் பேசுங்க!" என்று கத்திவிட்டேன். வண்டியே திரும்பிப் பார்த்தது. அவர் பயந்துபோய் எடுத்தார்.

அந்த ரிங்டோனைக் கேட்கக் கூடாதென்றுதான் அத்தனை நாள் நடந்தேன். ஒவ்வொரு அடியிலும் அதைத்தான் கேட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன்.