மூன்றாவது சிலிண்டர்

கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இது நடந்தது. போன ஜூன் மாதம், மட்டாஞ்சேரி கொச்சங்காடியில், பட்டப்பகலில். இசக்கிதுரையே என்னிடம் சொன்னான். அவன் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்ப்பவன், தூத்துக்குடிப் பக்கத்து ஆள். பேய் பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால், "பேட்டரியக் கழத்திவிடுங்க, எல்லாம் அடங்கிரும்" என்று நக்கல் அடிப்பான். இப்போது அந்தப் பேச்சையே விட்டுவிட்டான்.

அன்று மதியம் நல்ல மழை. ஷாஹிர் தன் ஸ்கூல் வேனைக் கொண்டுவந்து இசக்கிதுரையின் ஷெட்டுக்குள் நிறுத்தினான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. பள்ளுருத்தியிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஸ்கூலுக்குப் போகும். அதில் ஒருத்தி இசக்கிதுரையின் மகள் செல்வி. யு.கே.ஜி. படிக்கிறாள்.

"அண்ணே, நல்லா ஓடிட்டே இருக்கும், படக்குன்னு நின்னுரும். இன்னிக்குப் பாலத்து மேல நின்னுபோச்சு. குட்டிகள் எல்லாம் உள்ள. பின்னால டிப்பர் வருது."

இசக்கிதுரை சாவியை வாங்கிக்கொண்டான். "சரியாகாம இது ஷெட்ட விட்டு வெளிய போவாது, பாத்துக்க."

"அப்போ சாயங்காலம் பிள்ளைகளை விட ஆட்டோ ஏற்பாடு பண்ணிட்டு வரேன்" என்று ஷாஹிர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த வேனில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, உள்ளேயே மண்டி போட்டுத்தான் வேலை பார்க்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் வரிசையாகக் காலி சீட்டுகள்.

மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் அடிக்கிறது என்றது கோளாறு காட்டும் ஸ்கேனர். அதற்குத் தீப்பொறி கொடுக்கிற இக்னிஷன் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினான். இரண்டாவதை மூன்றாவதில் மாட்டினான். காயில் கெட்டிருந்தால் கோளாறு அதோடு சேர்ந்து இரண்டாவதுக்கு நகர வேண்டும். நகரவில்லை. மூன்றிலேயே நின்றது. அப்படியானால் பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர், இல்லாவிட்டால் அதற்கு வருகிற வயர்.

இன்ஜெக்டரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, அந்தப் பிளக்கில் சின்ன டெஸ்ட் பல்பைச் செருகினான். இன்ஜின் ஓடும்போது வயரில் கரண்டு வந்தால் பல்பு விட்டுவிட்டு மின்னும்.

மின்னவில்லை.

வயர்தான் எங்கோ அறுந்திருக்கிறது என்று நினைத்தான். சந்தோஷமாகக்கூட இருந்தது. சாவியைத் திருப்பி ஆஃப் செய்து, உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

பல்பு மின்னியது.

அணைந்தது... மறுபடி மின்னியது.

எங்கோ ஷார்ட் என்று திட்டிக்கொண்டே போய், பேட்டரி வயரைக் கழற்றிப் போட்டான். திரும்பி வந்து மண்டி போட்டான். பல்பு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை, ஒரு இடைவெளி. இரண்டு தடவை, ஒரு இடைவெளி.

சட்டை முதுகோடு ஒட்டியது. இன்ஜின் சூடு என்று நினைத்தான். ஆனால் இன்ஜின் முன்னால் இருந்தது. சூடு பின்னாலிருந்து வந்தது. கையைப் பின்னால் நீட்டி சீட்டைத் தொட்டான். வெயிலில் நாள் முழுக்கக் கிடந்த ரெக்சின் மாதிரிக் கொதித்தது.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

இன்ஜெக்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க மெக்கானிக்குகளிடம் ஒரு வழி உண்டு. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதன்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டினால் 'டிக் டிக்' என்று கேட்கும். பழக்க தோஷத்தில் கை தானாக அதைச் செய்தது.

டிக் டிக் இல்லை.

டப்... டப்...

கண்ணாடியை உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். சின்ன உள்ளங்கை.

டப்... டப்...

ஒவ்வொரு தட்டுக்கும் பல்பு மின்னியது.

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. திருப்பவும் மனமில்லை.

டப்...

வேகம் குறைந்தது.

டப்...

இன்னும் குறைந்தது. ஏதோ கைவிட்டுப் போகிறது என்று மட்டும் அவனுக்குப் புரிந்தது. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது என்கிறான். வெளியே குதித்து ஓடி, பக்கக் கதவைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துத் திறந்தான்.

உள்ளேயிருந்து அனல் காற்று அவன் இடுப்பை உரசிக்கொண்டு வெளியே போனது.

உள்ளே யாரும் இல்லை. பல்பு அணைந்திருந்தது.

எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்தான். நான்கு சிலிண்டரும் ஒழுங்காக ஓடின. ஸ்கேனரில் ஒரு கோளாறும் இல்லை. அவன் எதையுமே ரிப்பேர் செய்திருக்கவில்லை.

ஷாஹிர் திரும்பி வந்ததும், "இந்த வண்டிய யாருட்ட வாங்குன?" என்று கேட்டான். ஷாஹிர் புரோக்கருக்கு ஃபோன் போட்டான். புரோக்கர் முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான். பாலக்காட்டுப் பக்கம் இதுவும் ஸ்கூல் வண்டியாக ஓடியதாம். ஒரு மார்ச் மாதம், காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு டிரைவர் வெயிலில் பூட்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். கடைசி சீட்டில் ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான். சாயங்காலம்தான் திறந்திருக்கிறார்கள்.

ஷாஹிர் ஃபோனை வைத்துவிட்டு அப்படியே டயர்மேல் உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒரு காரியம் சொல்லணும். கோவப்படாதீங்க."

"சொல்லு."

"போன வியாழக்கிழமை. பிள்ளைகளை இறக்கிட்டு, வண்டியைப் பூட்டிப் போடலாம்னு கொண்டுபோனேன். ஸ்கூல் கேட்டுகிட்ட நின்னுபோச்சு. எவ்வளவு அடிச்சும் ஸ்டார்ட் ஆகலை. என்னடான்னு பின்னால திரும்பிப் பார்த்தா..."

"பாத்தா?"

"கடைசி சீட்ல செல்வி. உறங்கிட்டு கிடக்கா. தூக்கிட்டுப் போய் கிளாஸ்ல விட்டேன். உங்ககிட்ட சொல்ல தைரியம் வரல."

இசக்கிதுரை அவனை அடிக்கவில்லை. அடிக்கத்தான் நினைத்தானாம். செல்வியைக் கூட்டிவர ஸ்கூலுக்குக் கிளம்பிவிட்டான்.

இப்போது செல்வியை அவனே பைக்கில் கொண்டுபோய் விடுகிறான். மற்றப் பதினொரு பிள்ளைகளும் அந்த வேனில்தான் போகிறார்கள். தினமும் காலையில் ஷாஹிருக்கு ஃபோன் போட்டு, "கடைசி சீட்டப் பாத்தியா?" என்று கேட்கிறான். பார்த்தேன் என்று சொன்ன பிறகும் அவனுக்கு மனசு ஆறுவதில்லை. கதவைத் திறந்து அந்தப் பையனை வெளியே விட்டவன் அவன்தானே.

அன்றைக்குப் பிறகு அந்த வண்டி ஒரு தடவைகூட நின்றதில்லை.