ஓடைப்பட்டியில் ஐலசா

ஓடைப்பட்டியில் கடல் பாட்டுப் பாட ஒரு குழு இருக்கிறது. மொத்தம் ஐந்து பேர். கடல்தான் பக்கத்தில் எங்கும் இல்லை.

ஞாயிறு காலையில் சுருளியின் திராட்சைத் தோட்டத்துக் கொட்டகையில் கூடுவோம். சுருளி அடி எடுத்துக் கொடுப்பார். நாங்கள் "ஐலசா" என்று கைதட்டுவோம். எங்களில் கப்பலில் வேலை பார்த்தவர் முத்தையா அண்ணன் மட்டும்தான். இன்ஜின் அறையில் ஒருநாளும் பாட்டுக் கேட்டதில்லை என்று அவர் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை.

இன்று பாதிப் பாட்டில், திராட்சை ஏற்றிய வேன் தோட்டத்துச் சேற்றில் சிக்கிக்கொண்டது. வெயில் ஏறுவதற்குள் சந்தைக்குப் போகாவிட்டால் சுருளியின் பழம் வதங்கிவிடும்.

"கயித்தக் கட்டுங்கப்பா! இதுக்குன்னே பொறந்த பாட்டுல்ல இது!" என்றார் சுருளி.

வேனின் முன்னால் கயிறு கட்டிப் பிடித்தோம். அவர் அடி எடுத்தார். "ஐலசா" என்றோம். சொன்ன கையோடு, பழக்கதோஷத்தில், எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டுக் கைதட்டினோம். நானும்தான்.

வேன் இன்னும் ஒரு முழம் பின்னால் இறங்கியது.

இரண்டாம் முறையும் அதேதான் நடந்தது.

"ஏலே, வாய மூடிட்டு இழுங்கடா!" என்று கத்தினார் முத்தையா அண்ணன்.

மூடிக்கொண்டு இழுத்தோம். வேன் மேட்டுக்கு ஏறிவிட்டது.

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "பாட்டு நல்லாத்தேன் இருந்துச்சுண்ணே. அடுத்த வாரம் நான் கெளம்புன பெறகு ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடலோர நண்பர்களே, ஐலசா போட்டுக் கயிறு இழுக்கையில் உங்கள் பக்கம் கைதட்டுவது எப்போது?