கோம்பையில் சாப்பிட்ட வெங்காயத் தாள்

கோம்பை நாய்க்குட்டி ஒன்று வேண்டுமென்று என் மைத்துனன் நடராஜன் வெகு நாளாக நச்சரித்துக் கொண்டிருந்தான். ஐரோப்பாவில் சண்டை மூண்ட வருஷம் ஐப்பசியில் எனக்கு விடுப்புக் கிடைத்தது, கிளம்பிவிட்டோம். மதுரையிலிருந்து காலை ரயிலில் தேனி. அங்கிருந்து உத்தமபாளையம் சுமார் இருபது மைல். பஸ்ஸில் ஆளுக்கு எட்டணா. பெட்ரோல் நெடியில் நடராஜன் முகம் வெளிறிப் போயிற்று. பிறகு கோம்பை வரை ஐந்து மைல் மாட்டு வண்டி.

குட்டி வைத்திருந்த வேலுச்சாமி விவசாயி. விலை பேசுமுன் சாப்பிடச் சொன்னார். அவர் மனைவி ராசாத்தி, அந்தத் தையில் கல்யாணமாகி வந்தவள், வெங்காயத் தாள் பொரியல் பரிமாறினாள். வெள்ளைப் பகுதியை முதலில் வதக்கி, வெந்த பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டு, பச்சைத் தாளைக் கடைசியில் தூவியிருந்தாள். இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றேன். நான் தாவர இயல் படித்தவன். வாய் சும்மா இருக்குமா? "நாம் உரிக்கும் வெங்காயமே இலையின் அடிப்பாகம்தான்" என்றேன். வேலுச்சாமியின் தாயார் சிரித்துவிட்டார்.

அரை மணி கழித்து நடராஜன் வாந்தி எடுத்தான்.

"ஏலே வேலு, வரப்போரம் நரி வெங்காயம் கெடக்கே. இவ அதையும் சேத்து அறுத்துட்டாளோ?" என்றார் தாயார். வெங்காயம் போலவே காட்டில் முளைக்கும் நரி வெங்காயம் விஷம்.

"இல்ல அத்தை, பாத்துத்தான் அறுத்தேன்." என்றாள் ராசாத்தி.

வேலுச்சாமி என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவுக. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

வெந்து சுருண்ட தாளில் எது எதுவென்று எப்படிச் சொல்வது? நானும் இரண்டு தடவை தின்றவன். தோட்டத்துக்கு ஓடினேன். வெங்காயத் தாள் உள்ளே கூடான குழல், கிள்ளினால் நெடி வரும். நரி வெங்காய இலை பட்டையானது, அந்த நெடி கிடையாது. புத்தகத்தில் சுலபம். மழையில் சாய்ந்த தாள்களும் பட்டையாகவே கிடந்தன. முதல் தாளைக் கிள்ளிய விரலில் நெடி ஒட்டிக்கொள்ள, அப்புறம் தொட்டதெல்லாம் வெங்காயமாகவே மணத்தது. வரப்போரமும் சில இலைகள் நறுக்குண்டிருந்தன. ஆடா, அரிவாளா?

இரண்டு கையிலும் இலைகளோடு திரும்பினால், ராசாத்தி சட்டியை முன்னால் வைத்து மிச்சப் பொரியலைத் தின்றுகொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்தது, கை நிற்கவில்லை.

"அந்தப் படிச்சவுக வந்து சொல்றதுக்குள்ள பொழுது சாஞ்சிரும். நானே தின்னுட்டா தெரிஞ்சிரும்ல?"

மாமியார் எதிரே உட்கார்ந்து, சட்டிக்குள் கைவிட்டு ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

"உப்புத்தான் ஆத்தா கொஞ்சம் தூக்கல்" என்றார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் நடராஜன் காப்பி கேட்டான். பஸ்தான் காரணம் என்கிறேன் நான். தாள்தான் என்கிறான் அவன். இன்றுவரை தீரவில்லை.

போகிறவர்களுக்கு: பஸ்ஸில் முன்பக்கம் உட்காருங்கள். திரும்பும் வண்டியைக் காலையிலேயே பேசிவிடுங்கள். தாளைச் சட்டியில் போடுமுன் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பாருங்கள். இடையிடையே கை கழுவுங்கள்.

மறுநாள் குட்டியோடு ஒரு கட்டு வெங்காயத் தாளும் ராசாத்தி கொடுத்தாள். "பாத்துச் சமைங்க" என்றாள். அது அக்கறையா கேலியா என்பது தேனி வந்து சேர்ந்த பிறகும் எனக்குப் பிடிபடவில்லை.