சுத்தத் தண்ணீரில் செத்தவை

தொழிற்சாலைகள் அனுப்பும் ரசாயனத்தைத் தண்ணீரில் பல அளவுகளில் கலந்து, ஒவ்வொரு பீக்கரிலும் நீர்த்தெள்ளுகளை விட்டு, எந்த அளவில் எத்தனை முடங்குகின்றன என்று பார்ப்பதுதான் அவள் வேலை. நீர்த்தெள்ளு கடுகில் பாதிகூட இல்லாத பூச்சி. உயிர் இருக்கும்வரை தத்தித் தத்தி நீந்தும். ஆற்றில் இது செத்தால் இதைத் தின்னும் மீன்குஞ்சுக்கும் கேடு.

"கொசு அடிக்கிறவனுக்கு யாரும் சம்பளம் குடுக்கல. உனக்கு மட்டும் பூச்சியைக் கொல்லச் சம்பளமா?" என்று மாமனார் கேட்பார். அப்போது அவருக்குக் காலும் நன்றாக இருந்தது, நாக்கும் நன்றாக இருந்தது. பக்கவாதம் காலை மட்டும் எடுத்துக்கொண்டது.

காலையில் அவரைப் புரட்டி, துடைத்து, முதுகில் புண் கிளம்பியிருக்கிறதா என்று பார்த்து, கடைசியில் காலுக்கு வலித் தைலம் தேய்ப்பாள். வெறுங்கையால் தேய்த்தால்தான் சதை எங்கே இறுகியிருக்கிறதென்று தெரியும், அதில் தவறில்லை. கிழவரின் மகன், அவள் கணவன், தச்சன். அவன் தொட்டால் கிழவர் ஊரைக் கூட்டுவார்.

"உன் கை உப்புத்தாள்டா! மருமகளைக் கூப்பிடு!"

ஆய்வுக்கூடத்தில் ஒரு வரிசை பீக்கரில் ரசாயனமே கலக்க மாட்டார்கள். வெறும் சுத்தத் தண்ணீர். அதிலிருப்பவை பிழைத்தாக வேண்டும். அவையும் செத்தால், மற்றவை எதனால் செத்தன என்று சொல்ல முடியாது. சோதனையே குப்பைக்குப் போகும். கொஞ்ச நாளாக அவள் வைத்த சோதனைகளில் சுத்தத் தண்ணீரில்தான் சாவு அதிகம்.

"சும்மா தண்ணியிலேயே சாகடிக்கிறீங்க, அப்புறம் விஷத்தை எதுக்கு வீணாக்கணும்?" என்றார் பக்கத்து மேசைக்காரர். அன்றிலிருந்து அவளுக்கு எமன் என்று பெயர்.

மேலாளர் அம்மா சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கண்ணாடி கழுவுற பக்கம் மாத்திடுவேம்மா. எனக்கும் வேற வழியில்ல."

கழுவும் தொட்டி முன்னால் பல வருஷம் நின்ற பிறகுதான் இந்த மேசை அவளுக்குக் கிடைத்திருந்தது. தண்ணீரை மாற்றினாள். பீக்கர்களை மாற்றினாள். பூச்சிகளின் தீனியையும் மாற்றினாள். சாவு நிற்கவில்லை.

ஒருநாள் பக்கத்து மேசைக்காரர் சொட்டுக்குழாய் வாங்க அவள்பக்கம் குனிந்தார். "என்ன எமன், வீட்ல யாருக்கு மூட்டுவலி?"

அவள் கையை முகர்ந்து பார்த்தாள். சோப்புப் போட்டுக் கழுவிய கைதான். தைல வாடை போகவில்லை.

ரசாயனத்தைத் தொடும்போது கையுறை போடுவாள், தவறவே மாட்டாள். சுத்தத் தண்ணீருக்கு என்ன கையுறை? அந்த வரிசையை முதலில், வெறுங்கையோடு முடிப்பாள். சில பூச்சிகள் தண்ணீரின் மேலேயே ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்காது. அவற்றை விரல் நுனியால் மெல்ல அமுக்கிவிடுவாள். அக்கறையோடு செய்த காரியம்தான்.

மறுநாள் இரண்டு பீக்கரில் சுத்தத் தண்ணீர் எடுத்தாள். ஒன்றில் வெறும் விரலை முக்கினாள். மற்றதில் உறை போட்ட விரலை. இரண்டிலும் பூச்சிகளை விட்டாள். அடுத்த காலை முதல் பீக்கரைச் சுழற்றிப் பார்த்தபோது எல்லாம் அடியில் கிடந்தன. மற்றதில் தத்திக்கொண்டிருந்தன.

இரண்டையும் மேலாளர் மேசைக்கே கொண்டுபோனாள். "என் கைதான் மேடம். மாமனாருக்குத் தேய்க்கிற தைலம்."

மேலாளர் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நாளைக்கு, கடைசியா குப்பைக்குப் போன அந்தச் சலவைத்தூள் சோதனையைத் திரும்ப வைங்க. அது சரியா வந்தா மேசை உங்களுக்கு."

வீட்டில் கையுறையோடு வந்தவளைப் பார்த்து மாமனார் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

"என்னை என்ன விஷம்னு நினைச்சியா?"

"உங்களை இல்ல மாமா, தைலத்தை."

"பொணத்தைத் தொடுற மாதிரி உறை மாட்டிக்கிட்டு!"

"பொணம் இவ்வளவு பேசாது. உறை வேணாம்னா உங்க பையனைக் கூப்பிடுறேன்."

கிழவர் வாசலைப் பார்த்தார். மகன் கையைத் துடைத்தபடி ஆவலாக நின்றிருந்தான்.

"உறையே இருக்கட்டும்," என்றார்.

சலவைத்தூள் மிகக் குறைந்த அளவிலேயே பாதிப் பூச்சிகளை முடக்கியது. சுத்தத் தண்ணீரில் ஒன்றுகூடச் சாகவில்லை. மேலாளர் கையெழுத்துப் போட்டார். பக்கத்து மேசைக்காரர் மட்டும் எமன் என்ற பெயரை மாற்ற மறுத்துவிட்டார், பழகிவிட்டதாம்.