தாலுகா ஆபீஸில் ஒரு கிரேக்கர்

போன செவ்வாய்க்கிழமை கள்ளக்குறிச்சியில் மாட்டிக்கொண்டேன். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். சின்னசேலம் ரோட்டில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. எங்கே போவது? தாலுகா ஆபீஸில் எனக்குத் தெரிந்த கிளார்க் ஒருவர் இருக்கிறார். அங்கே போய் உட்கார்ந்தேன். ஃபேன் இருக்கும், டீ வரும்!

டீ வருவதற்கு முன்னால் சடையன் வந்தார். கல்வராயன் மலைக்காரர். மகள் செல்வி பிளஸ் டூ பாஸ் செய்திருக்கிறாள். நர்ஸ் டிரெயினிங்குக்கு விண்ணப்பிக்க, பழங்குடி என்று ஜாதிச் சான்றிதழ் வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இதற்காக அவர் மலை இறங்கி வருவது ஆறாவது தடவை.

"பரம்பரையா மலையிலதான் இருக்கன்னு ஆதாரம் இன்னாய்யா வச்சிருக்க?" என்றார் கிளார்க்.

பட்டா இல்லை. பத்திரம் இல்லை. அந்தக் காலத்தில் மலைக்கு வந்து யார் எழுதிக் கொடுத்தார்கள்?

சடையன் ஒரு துணியைப் பிரித்து, உள்ளே இருந்த படத்தை மேஜைமேல் வைத்தார். "எங்க தாத்தாங்க. தொர பங்களாவுல வேல பாத்தாரு. தொர மூட்டைய மலைக்குத் தூக்கினு போறாரு பாருங்க. தொரயே வரஞ்சி குடுத்த படம்னு எங்கப்பா சொல்லுவாருங்க."

பார்த்தேன். செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்சடித்த பழைய ஐரோப்பியப் படம். பாறைகள்... இடுப்பில் ஒரு துண்டுத் துணி... குனிந்த முதுகு. பிடரியில் பெரிய உருண்டை; அதைச் சுற்றிக் கயிறு கட்டியது போலப் பட்டைகள். மூட்டை என்று நம்பியதில் என்ன தப்பு?

"சார், நீங்க படிச்சவரு. கீழ இன்னா எழுதியிருக்கு?" கிளார்க் படத்தை என் பக்கம் தள்ளினார்.

இந்த மாதிரிப் படங்கள் மேல் எனக்கு இருக்கும் பைத்தியம் உங்களுக்குத் தெரியும். கீழே பெயரும் இருந்தது. வாய் சும்மா இருக்குமா? "இது அட்லஸ்! கிரேக்கப் புராணம். சாமிங்களோட சண்டை போட்டுத் தோத்தவன். வானத்தைத் தோள்ல சொமக்கணும்னு தண்டனை..." முழுக் கதையும் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர்கள்கூட எழுந்து வந்து கேட்டார்கள்.

கிளார்க் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "யோவ், உங்க தாத்தா கிரீஸ்காரராம்யா... அங்க போயி சர்டிபிகேட் வாங்கிக்க!" மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சடையன் படத்தை மறுபடியும் துணியில் சுற்றினார். என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப எங்க தாத்தா மொகம் எப்டியிருக்கும்னே எங்களுக்குத் தெரியாதுங்களா, சார்?"

வெட்கமாக இருந்தது. எனக்கு ஜாதிச் சான்றிதழ் பத்து நிமிஷத்தில் கிடைத்தது. அப்பாவுக்கு ஊர்க் கணக்குப்பிள்ளை கர்ணத்தைத் தெரியும் – அவ்வளவுதான். என் தாத்தாவின் படத்தை யாரும் கேட்கவில்லை. வெளியே, இடம் கொடு என்று ஊரே கத்திக்கொண்டிருந்தது. உள்ளே, சட்டம் எப்போதோ கொடுத்துவிட்ட ஒரு இடத்தின் வாசலிலிருந்து ஒருவரைத் திருப்பி அனுப்ப நான் ஒத்தாசை செய்திருக்கிறேன். 'தெரியலையே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

வெள்ளிக்கிழமை போய்விட்டது. இன்று சனிக்கிழமை – நான் உட்கார்ந்து பத்திரிகைக்குப் பத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.