பல்லக்கா எடுக்காமல் விட்ட பணம்

பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்த்ததால் தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. நாளெல்லாம் பிளாஸ்டர் அச்சுகளோடு மல்லுக்கட்டிவிட்டு வீடு திரும்பும்போது புருவமெல்லாம் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். வயசு நாற்பதைத் தாண்டியிருந்தது. தூளைத் தட்டாமல் வந்தால் அறுபது என்று புருஷன் கேலி செய்வான். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன்.

பட்டறையில் அவளுக்கு அடுத்த மேஜையில் ஒரு பெரியவர். எழுபதை நெருங்கியும் வேலையை விட வழியில்லை. கை நடுங்க ஆரம்பித்ததும் முன்பல் வேலையை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஒருநாள் மெருகேற்றும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துபோனார். பல்லக்கா எழுந்துபோய் சுவிட்சை அணைத்தாள். திடுக்கிட்டு விழித்தவர் அவளைப் பார்க்கவில்லை. முதலாளி அறைப் பக்கம்தான் பார்த்தார். அந்தப் பார்வை அவளை வீடுவரைக்கும் விடவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், பட்டறைக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தாள். மாசாமாசம் கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்டில் போடலாம், சம்பளம் வந்ததும் பேங்கிலிருந்து தானாகப் போய்விடும், ஆனால் ஏறும் இறங்கும், வருஷக்கணக்கில் கைவைக்கக் கூடாது என்று அவள் விளக்கினாள். பல்லக்காவுக்குப் பாதிதான் புரிந்தது. தானாகப் போய்விடும் என்பது மட்டும் ரொம்பப் பிடித்திருந்தது. இன்னொரு வேலையைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ள அவளால் முடியாது.

"இத்துனூண்டு போட்டு என்ன ஆகப்போகுது?" என்றான் புருஷன். அவளுக்கும் தெரியவில்லை. இருந்தாலும் அந்த மாசமே போட ஆரம்பித்தாள்.

சில வருஷம் கழித்துப் பங்குச் சந்தை சரிந்தது. போட்டதைவிடக் குறைவாக இருப்பதைப் புருஷன் பார்த்துவிட்டான். இருக்கிறதையாவது எடுத்துவிடச் சொன்னான். அவளும் சரி என்றாள். ஆனால் செல்போனில் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. லீவு போட்டு ஃபண்ட் ஆபீசுக்கு நேரில்தான் போகவேண்டும். அந்த வாரம் பட்டறையில் வேலை குவிந்தது. அடுத்த வாரம் காய்ச்சல். அப்புறம் மாமியார் வந்து தங்கினார். அவன் கேட்கும்போதெல்லாம், "நாளைக்குப் போறேங்க" என்று சொல்லியபடியே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவாள். கேட்டுக் கேட்டு அவனுக்கே அலுத்துவிட்டது. பணம் பாட்டுக்கு மாசாமாசம் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த வருஷம் பார்த்தால், விழுந்தது எழுந்து மேலேயும் போயிருந்தது.

அக்காவுக்கு என்ன நெஞ்சுறுதி பாருங்கள் என்று கணக்குப் பெண் பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

"அதெல்லாம் இல்லம்மா. போய் எடுக்க முடியல, அவ்வளவுதான்," என்றாள் பல்லக்கா. யாரும் நம்பவில்லை.

அவள் ஒன்றும் பணக்காரியாகிவிடவில்லை. நடுவில் புருஷனின் முழங்கால் ஆபரேஷன் ஒரு பங்கை விழுங்கியது. மிச்சம் வளர்ந்தது. ஐம்பத்தைந்தைத் தாண்டியபோது, இனி மதியம்வரைக்கும்தான் வருவேன், பாதிச் சம்பளம் போதும் என்று முதலாளியிடம் சொன்னாள். குறையும் பாதிக்கு மாசாமாசம் ஃபண்டிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

முதல் நாள் மதியம் அவள் வீட்டுக்கு வந்தபோது, காலை டிரிப் முடித்த புருஷன் பாயில் படுத்திருந்தான்.

"உடம்பு சரியில்லையா?" என்றான்.

"நல்லாத்தான் இருக்கேன். கொஞ்சம் நகர்ந்து படுங்க," என்றாள்.