விருது வாங்கப்போகும் வீடு

"நீங்கதான எங்க வூட்டப் பத்தி எழுதினது?"

போன வாரம், காலையில் டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வந்த போன் இது. வணக்கம் இல்லை, பெயர் இல்லை. எடுத்த எடுப்பில் இந்தக் கேள்விதான்.

எந்த வீடு? யார் வீடு? வாசகர்கள் என்னைத் திட்டுவது புதிதல்ல. ஒரு வீட்டின் சார்பில் திட்டு வாங்கியது இதுதான் முதல் முறை.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். வருடாவருடம் கோடை விடுமுறை முடிகிற சமயத்தில் நான் ஜோசியக்காரியாகிவிடுவேன். எந்தப் படத்துக்கு எந்த விருது வரும் என்று அடித்துச் சொல்வேன். பெரும்பாலும் பலிக்காது. போன வருடம் நான் 'நிச்சயம்' என்று எழுதிய நடிகருக்கு ஒரு பொன்னாடைகூடக் கிடைக்கவில்லை. அவர் என்னை மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

கோடையின் கடைசி வாரங்களில் வருகிற படங்களுக்கு ஒரு தனி ராசி உண்டு. பெரிய ஹீரோக்கள் எல்லாரும் ஏப்ரலிலேயே வந்து வசூலை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைக்கவும் நோட்டுக்கு அட்டை போடவும் வீடே அல்லாடுகிற நேரம் பார்த்து, விருதுப் படங்கள் பயந்து பயந்து எட்டிப் பார்க்கும். அப்போது யார் தியேட்டருக்குப் போவது? நான் போவேன். ஏசிக்காக வந்து தூங்குகிற நாலு பேர் துணைக்கு இருப்பார்கள்.

இந்த வருடம் அப்படி மூன்று படங்கள். ஒன்றில் ஹீரோ இடைவேளை வரை வாயே திறக்கவில்லை — நடிப்புக்கு வாய்ப்புண்டு. இன்னொன்றில் மழை விடவே இல்லை — ஒளிப்பதிவுக்கு வாய்ப்புண்டு. மூன்றாவது, ஜவ்வாது மலையில் எடுத்த படம். வறுமையால் மகளுக்குக் கல்யாணம் செய்துவைக்க முடியாமல் தவிக்கும் ஒரு குடும்பத்தின் கதை.

அதில் வருகிற வீட்டைப் பார்த்து அசந்துபோனேன். வெடித்த சுவர், கரி பிடித்த கூரை, ஒருக்களித்துத் தொங்குகிற கதவு... 'கலை இயக்கத்துக்கு விருது நிச்சயம். வறுமைக்கு ஒரு முகவரி உண்டென்றால் அது இந்த வீடுதான்' என்று இங்கே எழுதினேன். எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்துக்கொண்டேன்.

அந்த முகவரியிலிருந்துதான் இப்போது போன்.

பேசியவர் பெயர் சாந்தி. புதூர்நாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மலைக் கிராமம். ஷூட்டிங்குக்கு வீட்டை விட்டவர் அவர்தான். பத்திரிகை ஆபீசில் சண்டை போட்டு என் நம்பரை வாங்கியிருக்கிறார்.

"மேடம், எங்களுது கான்கிரீட்டு வூடு. டைல்ஸ் போட்டுக்கீறோம். ரோஸ் கலரு பெயிண்டு. சினிமாக்காரங்கதான் சேத்தப் பூசி, கரியத் தடவி, மேல கீத்து வச்சி மறைச்சாங்க. போவும்போது கழுவி, பெயிண்டு அடிச்சி, பழையபடியே குடுத்துட்டாங்க. அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். ஆனா படத்துல அப்படியே நின்னுப்போச்சே!"

"படம்தானேங்க... யாரு நம்பப்போறாங்க?"

"நீங்களே நம்பிக்கீறீங்களே!"

சாந்தியின் கவலை வேறு. மகள் சங்கீதா திருப்பத்தூரில் நர்ஸ். காவலூர் பையன் ஒருவன், பிரகாஷ் என்று பெயர், யாருக்கோ உதவியாக அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து போனதில் இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது. முறைப்படி பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். பையனுடைய அம்மா ரொம்பக் கறார். அவர் சரி என்றால்தான் கல்யாணம். அவரோ படத்தில் இந்த வீட்டைப் பார்த்துவிட்டார் என்று தரகர் வந்து சொல்லியிருக்கிறார். என் பத்தியையும் யாரோ படித்துக் காட்டிவிட்டார்களாம்.

"எம் பொண்ணு ரெண்டு நாளா சரியா சாப்புடல மேடம். நீங்கதான எழுதினீங்க? நீங்களே வந்து அதெல்லாம் மேக்கப்புனு சொல்லிட்டுப் போங்க."

நியாயம்தானே? கிளம்பிவிட்டேன்.

திருப்பத்தூரிலிருந்து ஜீப். உள்ளே நாங்கள், மேலே அரிசி மூட்டைகள். வளைவில் திரும்பும்போதெல்லாம் மூட்டைகளுக்கு இருந்த இடவசதி எங்களுக்கு இல்லை. இறங்க வேண்டிய இடத்தை நான் யாரையும் கேட்கவில்லை. தூரத்து வளைவிலிருந்தே அந்த ரோஸ் கலர் தெரிந்தது. வாசலில் இருந்த புளியமரத்தை மட்டும்தான் படத்தில் பார்த்த ஞாபகம்.

சாந்தி படபடப்பாக இருந்தார். அவருடைய கணவர் கோவிந்தனோ கல்யாணத்தை மறந்து விருதுக் கனவில் இருந்தார்.

"அவார்டு கெடைச்சா வூட்டுக்காரங்களக் கூப்புடுவாங்களா மேடம்?"

"கலை இயக்குநரைக் கூப்பிடுவாங்க."

"நடிச்சது எங்க வூடு. அவார்டு அவருக்கா?"

"யோவ், மொதல்ல பொண்ணு விசயத்தப் பாரு" என்று சாந்தி ஒரு அதட்டல் போட்டார். அடுப்பில் நாட்டுக்கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சாமைச் சோறு தயார். பெண் பார்க்க வருகிறவர்கள், பிடித்திருந்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் டீயைக் குடித்துவிட்டு, 'போய்ட்டு சொல்லி அனுப்பறோம்' என்று எழுந்துவிடுவார்கள். சொல்லி அனுப்பவே மாட்டார்கள். அதனால் குழம்பை இறக்கி வைத்த பிறகும் சாந்தியின் கண் அதன் மேலேயே இருந்தது.

வந்தார்கள். ஜீப் நிறைய ஆட்கள். முதலில் இறங்கியவர் பையனின் அம்மா. வாசலில் நின்றார். ரோஸ் சுவரை மேலும் கீழும் பார்த்தார். டைல்ஸைப் பார்த்தார். புளியமரத்தைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"இன்னாங்க இது... சினிமால வந்தது இந்த வூடுதான?"

சாந்தி என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். சேறு எப்படிப் பூசுவார்கள், கரி எப்படித் தடவுவார்கள், இல்லாத விரிசலை எப்படி வரைவார்கள் என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன். "இவ்வளவு நல்ல வீட்டை அப்படிக் காட்டினதுக்குத்தான் விருதே வரப்போகுது" என்று பெருமையாக முடித்தேன்.

அந்த அம்மாவின் முகம் இன்னும் இருண்டுவிட்டது.

"அப்போ அந்தக் கஷ்டமெல்லாம் பொய்யா?" என்றார். "எங்களுது ஓட்டு வூடுங்க. கஷ்டப்பட்ட குடும்பம், கஷ்டம் தெரிஞ்ச பொண்ணுன்னு நெனச்சிதான் வந்தோம். டைல்ஸ்ல வளந்த பொண்ணு எங்க வூட்டுக்கு வந்து இன்னா பண்ணும்?"

போச்சு! வீடு ஏழையாகத் தெரிந்துவிட்டதே என்று பயந்தோம். பணக்கார வீடாகத் தெரிந்ததுதான் இப்போது வம்பாகிவிட்டது. காரியத்தைக் கெடுக்க இவ்வளவு தூரம் ஜீப் ஏறி வந்தேனா நான்? சாந்தி அவசரமாக எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். பிரகாஷ் "அம்மா..." என்று இழுத்தான். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் டீ டம்ளர்களோடு சங்கீதா வந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். பெண் பார்க்கும் நாளில் பெண் பேசக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"அத்தே, சுவத்துல இருந்த கரிதான் மேக்கப்பு. பஸ்ஸு இல்லாத நாள்ல பலாப்பழத்தத் தலையில வச்சிக்கினு நானும் எங்கம்மாவும் மல எறங்கினது மேக்கப்பு இல்ல. அத வித்துதான் நான் நர்ஸிங் படிச்சேன். இந்த டைல்ஸு என் சம்பளத்துல போட்டது. எங்கம்மா வழுக்கி வுழுவாங்கன்னு சொரசொரன்னு இருக்கறதா பாத்து வாங்கினேன். வேணும்னா தொட்டுப் பாருங்க."

கோவிந்தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டீயை யாரும் தொடவில்லை. அந்த அம்மா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே குனிந்து, டைல்ஸை உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்த்தார். பிறகு சாந்தியிடம் திரும்பினார்.

"கை கழுவ தண்ணி எங்கம்மா வச்சிக்கீறீங்க?"

அவ்வளவுதான்! சாந்தி குழம்புச் சட்டியிடம் ஓடியதைப் பார்க்க வேண்டுமே. ஓடும்போதே அழுதார், அழும்போதே "எல பத்துமா, எல பத்துமா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. தியேட்டரில் அந்த இரண்டரை மணி நேரப் படத்துக்கு நான் ஒரு சொட்டுக்கூட விடவில்லை.

சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு, பின்பக்கத் தொட்டியில் கை கழுவப் போனேன். அங்கே அந்த அம்மா நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல வூடுங்க. பாத்ததுமே மனசு நெறஞ்சிப்போச்சி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்புறம் ஏங்க அப்படிக் கோபப்பட்டீங்க?"

"பின்ன? பொண்ணு பாக்கப் போனா எல்லாப் பொண்ணும் தலையக் குனிஞ்சிக்கினு பொம்மையாட்டம் ஒக்காந்துக்குது. அதுல இன்னாத்தத் தெரிஞ்சிக்கிறது? கொஞ்சம் சீண்டினாத்தான வாயத் தொறக்கும்! அவங்கம்மாவுக்காவப் பேசிச்சு பாருங்க... எங்கூட நல்லா ஒத்துப்போவும் அது."

"அப்போ அந்தப் படத்தைப் பார்த்துட்டு, கஷ்டப்பட்ட குடும்பம்னு நெனச்சதெல்லாம்...?"

"படமா?" முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அந்தப் படத்துக்கு யாருங்க போவாங்க? பஸ் ஸ்டாப்புல போஸ்டரு ஒட்டிக்கிறாங்க, அதப் பாத்ததோட சரி."

திரும்பி வரும்போது ஜீப்பில் எனக்கு முன் சீட் கிடைத்தது. மடியில் சாந்தி கொடுத்த பலாச்சுளைப் பொட்டலம். கோவிந்தன் ஓடி வந்து, "அவார்டு விசயம் தெரிஞ்சா ஒரு போன் பண்ணுங்க மேடம்" என்று நினைவுபடுத்தினார். கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்துவிட்டால் அழைப்பிதழில் போட்டுக்கொள்ளலாமாம்.

ஆகவே வாசகர்களே, கலை இயக்கத்துக்கான என் கணிப்பில் மாற்றமில்லை. சிறந்த நடிகை மட்டும் கடைசி நேரத்தில் கிடைத்துவிட்டார் — விருது காவலூர் அம்மாவுக்கு!